மெத்தவூட்டம்மாவின் ஞாயிற்றுக்கிழமைகள்

கிறிஸ்தவர்களைவிட அந்த அம்மாவுக்குத்தான் மாதா கோவில் திருநாளெல்லாம் மனப்பாடம். நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, மாரியம்மனுக்கு விளக்கு போடுகிறவர்தான். ஆனால் பரலோக மாதா திருநாள் என்றைக்கு, கல்லறைத் திருநாள் என்ன கிழமையில் வருகிறது என்று கேட்டால் விரல் மடக்காமல் சொல்வார். ஜூலை மாதம் பிரெஞ்சுக்காரர்கள் கொடியேற்றிப் பட்டாசு விடுகிற நாள் ஒன்று வருமே, அதற்குப் பத்து நாள் முன்பிருந்தே அவர் முகத்தில் ஒரு களை வந்துவிடும். ஏன் என்று கேட்டால், அந்த நாட்களில் கோர்ட்டு கிடையாது. கோர்ட்டு இல்லையென்றால் ஜப்தி கிடையாது. ஜப்தி இல்லையென்றால் வீட்டுக் கதவைத் திறந்து வைக்கலாம்.

நான் பண்டசோழநல்லூரில் பிறந்தவள். பதினாறு முடிந்ததும் பாகூர் பக்கம் ஒரு ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். எங்களுடையது கூரை வீடு. எங்கள் தோட்டத்துக்கும் அந்த அம்மா வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு மண் சுவர். ஊரிலேயே மாடி வைத்துக் கட்டிய வீடு அது ஒன்றுதான், அதனால் அவர் எல்லோருக்கும் மெத்தவூட்டம்மா. சொந்தப் பெயர் என்னவென்று நான் கேட்டதே இல்லை. கேட்கிற தைரியம் எங்கே இருந்தது எனக்கு.

வந்த முதல் வாரம் அது ஆளில்லாத வீடு என்றே நினைத்திருந்தேன். பகலெல்லாம் கதவு சாத்தியிருக்கும். அடுப்புப் புகை வராது, உரல் சத்தம் வராது, பேச்சுக்குரல் வராது. ஒருநாள் சுவரோரம் உட்கார்ந்து சட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அடியில் தண்ணீர் போகிற சலதாரை ஓட்டை ஒன்று உண்டு. அதிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. வெயில் படாமல் வெளுத்த கை. மோதிரம் இருந்த விரலில் மட்டும் ஒரு பள்ளம். எனக்குத் தேய்த்த சட்டி கைநழுவி உருண்டது.

"கத்தாதடி பொண்ணே, மனுசிதான்" என்றது சுவர். "தெருவுல புஷ்புஷ் வண்டி எதுனா நிக்குதா, பாத்து சொல்லு."

புஷ்புஷ் வண்டி இப்போது யாருக்குத் தெரியும். நாற்காலிக்குச் சக்கரம் வைத்ததுபோல இருக்கும். துரைமார், கோர்ட்டு ஆட்கள் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார்கள், ஆள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஓடிவருவான். நான் தெருவுக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணியும் இல்லம்மா" என்றேன். கை உள்ளே போயிற்று. திரும்பி வந்தபோது அதில் ஒரு வெல்லக்கட்டி இருந்தது. முகம் பார்ப்பதற்கு முன்பே எனக்கும் அவருக்கும் இப்படித்தான் பழக்கம் ஆனது.

அன்றைக்குச் சாயங்காலம் என் மாமியார் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் மல்லாட்டை வியாபாரி. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். கப்பலுக்கு ஏற்றுகிறேன் என்று இரண்டு மூன்று பேரிடம் முன்பணம் வாங்கி, ஊரெல்லாம் மல்லாட்டையை வாங்கிக் குவித்தார். விலை விழுந்தது. மூட்டைக்குள்ளேயே புழு வைத்தது. இப்போது அவர் வாய்க்காலுக்கு அந்தாண்டை, மச்சான் வீட்டில் இருக்கிறார். எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர் ஊர். வாய்க்காலைத் தாண்டினால் இங்கிலீஷ்காரர் ஊர். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். ஆனால் எங்கள் கோர்ட்டுக் காகிதம் அதைத் தாண்டி வராது.

ஜப்திக்கு வருகிற ஆளை உய்சியே என்பார்கள். பெரிய உத்தியோகம். ஆனால் அவருக்கும் கட்டுப்பாடு உண்டு. பொழுது விடிந்த பிறகுதான் வரலாம், பொழுது சாய்ந்தால் போய்விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் திருநாளும் வரக்கூடாது. சாத்திய கதவை உடைக்க வேண்டுமானால் தனி உத்தரவு, கூட ஆட்கள், அதற்குத் தனிச் செலவு. கடன் கொடுத்தவர் அந்தச் செலவுக்கு மூக்கால் அழுதுகொண்டிருந்தார். அதனால் அந்த அம்மா விடிவதற்கு முன்பே சமைத்து, அடுப்பை அவித்து, கதவுக்குத் தாழ் போட்டுவிடுவார். விளக்கு வைத்த பிறகுதான் திறப்பார்.

"ஊர்ல எல்லாரும் இருட்டுக்குப் பயந்துக்கினு கதவ சாத்துவாங்க. இந்தம்மா வெளிச்சத்துக்குப் பயந்துக்கினு சாத்துது" என்றார் மாமியார். "அவங்க பயம் நமக்கு எதுக்குடி. நம்ம வூட்டுல ஜப்தி பண்ண இன்னா இருக்குது, உன் மாமியாளத் தவுர."

அவர் சொன்னது சரிதான். ஒரு ஆடு, நாலு கோழி, இரண்டு மண்வெட்டி, மூன்று பாய், ஒரு குடம். என் வீட்டுக்காரர் புதுச்சேரியில் மில் வேலை, வாரம் ஒருமுறை வருவார். மாமியாரும் நானும் நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போவோம். மாமியார் ஒருவரிடமும் ஒன்றும் வாங்கமாட்டார். உறை மோர் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குவோம் இல்லையா, அதைக்கூட வாங்கமாட்டார். பாலை அப்படியே குடித்துவிடச் சொல்வார். இப்படிப்பட்ட வீட்டில் பயத்துக்கு இடமே கிடையாது. ஆனாலும் பயம் சலதாரை வழியாக எனக்கு வந்துவிட்டது.

எப்படி வந்தது என்றால், நான்தான் அவருக்குக் காது. தெருவில் ஏதாவது வண்டி வந்தால் கோழியைக் கூப்பிடுகிறமாதிரி "பா பா பா" என்று தோட்டத்தில் நின்று கூப்பிட வேண்டும். அது கேட்டால் சுவருக்கு அந்தாண்டை நடமாட்டம் நின்றுவிடும். எனக்கோ எந்தச் சக்கரச் சத்தம் கேட்டாலும் புஷ்புஷ் மாதிரியே இருக்கும். கரும்பு வண்டி வந்தாலும் கூப்பிடுவேன், பானைக்காரன் வண்டிக்கும் கூப்பிடுவேன். கோழிகள் ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து என் காலைச் சுற்றி நின்று ஏமாந்து போகும். கடைசியில் தீவனத்துக்கு நிஜமாகக் கூப்பிட்டாலும் வராமல் போயிற்று. மாமியார் கேட்பார்: "இன்னாடி, கோழிங்களும் நம்மள நம்ப மாட்டேங்குது?" எனக்குச் சிரிப்பு வராது. ராத்திரியில் உய்சியே வரமாட்டார் என்று தெரிந்தும் எழுந்து தெருவை எட்டிப் பார்த்துவிட்டுப் படுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் பாருங்கள். விடிந்ததும் விடியாததுமாக அந்த அம்மா கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வாசல் தெளிப்பார். தெருவை அடைக்கிற கோலம். ஈரம் காயாத தலை முதுகை மறைத்துத் தொங்கும். அவர் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி வருவார், புது மாப்பிள்ளை மாதிரி. அடுப்பு புகையும். மீன் குழம்பு வாசனை எங்கள் தோட்டத்துக்கு வரும். ஆறு நாளும் சத்தமில்லாத அந்த வீட்டில் அன்றைக்குச் சிரிப்புச் சத்தம் கேட்கும். திங்கட்கிழமை விடியலை நம்பாமல், பொழுது சாய்கிற நேரமே அவர் எழுந்து போவார். போகும்போது அந்த அம்மா வாய்க்கால் கரைவரை நடந்து, அவர் அக்கரை ஏறுகிறவரை நிற்பார். உலகத்தில் எல்லாப் பெண்களுக்கும் வாரத்துக்கு ஏழு நாள் புருஷன் உண்டு, எனக்கு மட்டும்தான் ஒருநாள் என்று நான் அழுதுகொண்டிருந்த காலம் அது. எனக்குத் துணைக்கு ஓர் ஆள் இருக்கிறார் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து. பூக்காரி வந்தாள். அந்த அம்மா நாலு முழம் வாங்கி, ஒரு முழத்தை எனக்குக் கிள்ளிக் கொடுத்துவிட்டு, "கணக்குல வச்சிக்க" என்றார். பூக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மாமியார் கேட்டுவிட்டார். "எதுக்கும்மா இந்தச் செலவு. எங்கள மாதிரி கம்முனு இருக்கலாமில்ல."

"உங்கள மாதிரியா?" அந்த அம்மா சிரித்தார். "நான் இன்னா இல்லாதவளா? நான் கடன்காரி. அது வேற, இது வேற."

"இன்னா வேற?"

"எங்கிட்ட வூடு இருக்குது, நெலம் இருக்குது, பித்தள இருக்குது, மரம் இருக்குது. குடுக்கத்தான் இப்ப முடியல. உன்கிட்ட இன்னா இருக்குது?"

"எங்கிட்ட ஒண்ணியும் இல்ல. ஆனா இல்லாததெல்லாம் என்னுது" என்றார் மாமியார். "உங்ககிட்ட எல்லாம் இருக்குது. இருக்கிறது எதுவும் உங்களுது இல்ல."

நான் பயந்துபோய் மாமியாரைப் பார்த்தேன். பெரிய வீட்டு மனுஷியிடம் இப்படியா பேசுவது. அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. பூவைத் தலையில் செருகிக்கொண்டே, "உன் மாமியாளுக்கு நாக்கு நல்லா அளந்து வச்சிருக்குதுடி" என்று எழுந்துபோனார். ஆனால் சாவிக்கொத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனார்.

இனிமேல் சொல்லப்போவது நான் செய்த பிழை.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் தூரத்தில் மாதா கோவில் மணி விடாமல் அடித்தது. சலதாரைக் கை வந்தது. "மணி அடிக்குதே. எனக்குத் தெரியாம இன்னிக்கி எதுனா திருநாளா? உன்கூட நடவுக்கு வர்ற கிறிஸ்தவப் பொண்ணக் கேட்டுக்கினு வா." நான் ஏரிக்கரை வழியாக ஓடினேன். அந்தப் பெண் புதுச் சேலை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து எதிரிலேயே வந்தாள். "திருநாளாடி?" என்றேன். "ஆமாடி, பெரிய திருநாளு. இன்னிக்கி நாங்க யாரும் வேலைக்கு வரமாட்டோம்" என்றாள். நான் சந்தோஷமாக ஓடிவந்து சொன்னேன். ஒரு செவ்வாய்க்கிழமையை ஞாயிற்றுக்கிழமையாக மாற்றிக் கொடுத்ததில் எனக்கு அவ்வளவு பெருமை.

அது அவர்கள் ஊர்க் கோவில் திருநாள். அந்த ஒரு சிற்றூருக்கு மட்டும் உள்ள திருநாள். கோர்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு அது எப்படித் தெரியும். திருநாள் என்றால் திருநாள்தான் என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. கோலம் போட்டாயிற்று. வாய்க்காலுக்கு அந்தாண்டை ஆள் அனுப்பி அவர் வீட்டுக்காரரையும் வரச் சொல்லியாயிற்று. உச்சி வெயிலில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தெருவில் சக்கரச் சத்தம் கேட்டது. திருநாள்தானே என்று நான் கோழியைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் சுவர்மேல் ஒரு கால் தெரிந்தது. அப்புறம் அவர் வீட்டுக்காரர், எச்சில் கையோடு, குழம்புச் சோறு விரலில் ஒட்டியபடி, எங்கள் தோட்டத்தில் தொப்பென்று குதித்தார். கோழிகள் நாலு பக்கமும் பறந்தன. அவர் என்னைப் பார்த்த பார்வை, அப்பா, ஒரு பெரிய மனிதருடைய கண்ணில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. அந்தப் பக்கத்திலிருந்து கோர்ட்டு ஆள் குரல் கேட்டது. "ஐயா, பாதிச் சாப்பாட்டுல எழுந்திருக்காதீங்க. நாங்க சாமானுக்குத்தான் வந்திருக்கோம், உங்களுக்கு இல்ல." அதற்குள் இவர் வரப்பில் ஓடிக்கொண்டிருந்தார்.

ஊரே தெருவில் நின்று பார்த்தது. உய்சியே கோட்டுப் போட்டுக் குடை பிடித்த தமிழர்தான், மரியாதையான மனிதர். கூட ஒரு குமாஸ்தா. ஒவ்வொன்றாக எழுதினார்கள். அண்டா, குத்துவிளக்கு, தேக்குக் கட்டில், ஊஞ்சல் பலகை, நெல் கொட்டிவைக்கிற பத்தாயம். கடைசியில் குமாஸ்தா படித்தார்: "படுக்கை ஒண்ணு, கட்டியிருக்கிற துணி, சமைக்கிற சட்டிபானை, ஒரு மாசத்துக்குத் தானியம், ஒரு மாடு. இதையெல்லாம் நாங்க தொடக்கூடாது. சட்டம் உங்களுக்கு விட்டு வைக்குது."

மாமியார் என் காதில் சொன்னார். "அடியே, அது அப்படியே நம்ம வூடு. மாடு ஒண்ணுதான் அவங்களுக்கு அதிகம்."

எட்டு நாளில் வண்டிகள் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போயின. நான் பத்து நாள் சுவர்ப்பக்கமே போகவில்லை. பதினோராவது நாள் அந்தக் கை தானாகவே வந்து, தரையைத் தட்டியது. நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். "நீ இன்னாடி பண்ணுவ. மணி அடிச்சுது" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒரு சொல் பேசியதில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

பயம் அங்கேதான் வேறு மாதிரி ஆயிற்று. சாமானெல்லாம் போய்விட்டது, வீடும் நிலமும் முன்பே வேறொருவருக்கு அடமானம், இனி எதற்குக் கதவு சாத்த வேண்டும். ஆனால் கதவு சாத்தியே இருந்தது. அவர் வீட்டுக்காரர் வெட்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வருவதையும் நிறுத்திக்கொண்டார். அந்த அம்மா நாலு ஞாயிற்றுக்கிழமை வாசல் தெளித்துப் பார்த்தார். ஐந்தாவது வாரம் ஞாயிறன்றும் கதவு திறக்கவில்லை. விட்டுவைத்த மாடும் ஒருநாள் அக்கரைக்குப் போய் விலையாகிவிட்டது. உள்ளே அவர் என்ன சாப்பிடுகிறார் என்று யாருக்கும் தெரியாது. தோட்டத்துப் பக்கம் சாவிக்கொத்துச் சத்தம் மட்டும் கேட்கும். எந்தப் பெட்டிக்குச் சாவி அது?

"உள்ள ஒண்ணியும் இல்லியே, எதுக்கும்மா சாத்துறீங்க" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சாத்தினாத்தான உள்ள எதுனா இருக்குதுன்னு நெனைப்பாங்க" என்றது சுவர்.

நாலு மாசம் போயிருக்கும். ஊர்த் தலையாரி என்னிடம் ஒரு நல்ல சேதி சொன்னார். இன்னொரு கடனுக்காக உய்சியே திரும்பவும் வரப்போகிறாராம். "இந்த வாட்டி வந்து பாத்து, ஒண்ணியும் இல்லன்னா, ஒண்ணியும் இல்லன்னு எழுதிக்கினு போய்டுவாங்க. அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டாங்க. அந்தம்மா நிம்மதியா கதவத் தெறந்து போட்டுக்கலாம்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் செய்த பிழைக்கு விடிவு வந்துவிட்டது என்று ஓடிவந்து சலதாரையில் சொன்னேன்.

"ஒண்ணியும் இல்லன்னு எழுதுவாங்களா?"

"ஆமாம்மா."

"எழுதினத யாரு யாரு படிப்பாங்க?"

"எனக்கு இன்னா தெரியும்மா."

கை வெளியே வந்தது. இப்போது அது எலும்பாக இருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. "கடன்காரிய நாலு பேரு தேடுவாங்கடி. இல்லாதவள யாரு தேடுவா?" பிடியை விடாமலே கேட்டார்: "உன் வூட்டுல பித்தள எதுனா இருக்குதா?"

இருந்தது. ஒரே ஒரு குடம். என் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தது. எங்கள் வீட்டிலேயே பளபளக்கிற சாமான் அது ஒன்றுதான். "எழுதிட்டுத்தான் போவாங்க. எடுத்துக்கினு போவ எட்டு நாளாவும். அதுக்குள்ள குடுத்துடறன்" என்றார். எட்டு நாள் கழித்து அவர்கள் வந்தால் என்ன காட்டுவீர்கள் என்று கேட்டேன். "எட்டு நாளு எட்டு நாளுதான்டி" என்றார். அவர் வாழ்ந்ததே அப்படித்தான். நானும் மறுக்கவில்லை, என் வாயால் போன வீடு அது. மாமியார் அறுப்புக்குப் போயிருந்த நேரம், யாருக்கும் தெரியாமல் குடத்தைச் சுவருக்கு மேலால் கொடுத்துவிட்டேன். தெரிந்தால் மாமியார் என்னைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

மறுநாளே வந்துவிட்டார்கள். கதவு திறந்திருந்தது. கோலம் போட்டிருந்தது. அந்த அம்மா கிழிசல் தெரியாமல் மடித்துக் கட்டிய பட்டுப்புடவையில் வாசலில் நின்று, "வாங்க" என்றார், விருந்துக்கு வந்தவர்களை அழைக்கிறமாதிரி. ஊர் கூடிவிட்டது. மாமியாருக்கு அன்றைக்கு வேலையில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

கூடத்தில் ஒரு மூலையில் பெட்டிபோலச் சேலை போர்த்திய ஏதோ ஒன்று. உய்சியே அதன் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். உள்ளே அடுக்கிய செங்கல். சேலையைத் திரும்ப இறக்கிவிட்டார். நடுக்கூடத்தில் மணை போட்டு அதன்மேல் என் குடம். குமாஸ்தா எழுதினார், "பித்தளைக் குடம் ஒண்ணு." எழுதிவிட்டுக் குடத்தைத் திருப்பினார். அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ குத்தியிருக்கும். அழகுக்குக் குத்தியது என்றே நினைத்திருந்தேன். அது எழுத்து.

"பண்டசோழநல்லூர்னு போட்டிருக்குதே" என்றார் குமாஸ்தா. "நீங்க அந்த ஊரா அம்மா?"

அந்தத் தெருவில் பண்டசோழநல்லூர்க்காரி ஒருத்திதான். மாமியார் தலை மெள்ளத் திரும்பி என்னைப் பார்த்தது.

"என்னுது இல்ல" என்றார் அந்த அம்மா. குரல் பழைய மெத்தவூட்டுக் குரல். "அடகு. அந்தப் பொண்ணு கைமாத்து வாங்கிக்கினு வச்சது."

குடம் போகாது, மானமும் போகாது. ஒரு நொடியில் அவருக்கு அது தோன்றியிருக்கிறது. ஆனால் உய்சியே விடவில்லை. "அப்படின்னா அந்தப் பொண்ணு உங்களுக்குப் பணம் தரணும். அதை நாங்க எழுதிக்கலாம். உங்களுக்குத் தரவேண்டியத நேரா உங்களுக்குக் கடன் குடுத்தவருக்கே கட்டச் சொல்லலாம். எவ்வளவு?"

மாமியார் என் கையை விட்டுவிட்டார். "எவ்ளோடி?" என்றார். குரல் உயரவே இல்லை. "எதுக்கு வாங்கின? எங்க வூட்டுல உறை மோர் கூடக் கடன் வாங்கினது இல்லியே. எவ்ளோடி?"

இல்லை என்றால் அந்த அம்மா பொய்க்காரி. ஆமாம் என்றால் நான் வாழ்ந்த வாழ்க்கை அன்றோடு முடிந்தது. குமாஸ்தா மைப்பெட்டியைத் திறந்தார். "பேர் சொல்லும்மா. கட்டை விரலை இங்க வை." கறுப்பு மை. அவரே என் கையைப் பிடித்து விரலை நீட்டினார். இரண்டு பக்கமும் எத்தனையோ பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த அம்மா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மையை மூடுங்க" என்றார்.

குமாஸ்தா நிமிர்ந்தார்.

"அந்தப் பொண்ணு எனக்கு ஒண்ணும் தர வேணாம். நான் பொய் சொன்னன். நான்தான் கேட்டு வாங்கினன், இரவல். அவங்க யாருக்கும் கடன் இல்ல." மாமியாரைப் பார்த்துச் சொன்னார். பிறகு உய்சியே பக்கம் திரும்பினார். "எனக்கு ஒண்ணியும் இல்ல. அப்படியே எழுதிக்குங்க."

"அப்படியே எழுதணுமா அம்மா?" உய்சியே மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்படியே."

அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பேனா காகிதத்தில் கீறுகிற சத்தம் வாசல்வரை கேட்டது.

வீட்டுக்கு வந்தோம். மாமியார் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், புடைக்கவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்போது மூட்டை கட்டச் சொல்வார் என்று காத்திருந்தேன். அந்த ஒரு மத்தியானம் எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் தெரியும்.

அந்த அம்மா வந்தார். சுவர்ப்பக்கமாக இல்லை, தெருவழியாக, உச்சி வெயிலில். நூல் புடவை. இடுப்பில் என் குடம். அதைக் கொண்டுவந்து மாமியார் முன்னால் வைத்தார். நின்றார். போகவில்லை.

"ஒரு படி அரிசி இருந்தா குடு" என்றார்.

மாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

"திருப்பித் தரமாட்டன்" என்றார் அந்த அம்மா.

நான் பயந்த பயமெல்லாம் சேர்த்தாலும் அந்தச் சொல்லைக் கேட்டபோது வந்த பயத்துக்கு ஈடாகாது. ஏனென்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

மாமியார் எழுந்து உள்ளே போனார். படியைத் தலை வழிக்காமல் குவித்து அளந்துகொண்டு வந்தார். "புடிங்கம்மா" என்றார். அந்த அம்மா முந்தானையை எடுத்தார். அவருக்கு ஏந்தத் தெரியவில்லை. எங்களுக்கெல்லாம் தொட்டில் பழக்கம், இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துக் குழி செய்வோம். அவர் துணியைத் தட்டையாக நீட்டிக்கொண்டு நின்றார். பாதி அரிசி வழிந்து மண்ணில் கொட்டிற்று.

நான் குனியப் போனேன்.

"நீ இரு" என்றார். "எனக்குப் பழகணும்."

தெருவில் ஆள் போய்க்கொண்டிருந்தது. அவர் வெயிலில் உட்கார்ந்து ஒவ்வொரு அரிசியாகப் பொறுக்கினார். பொறுக்கி முடிக்கிறவரை மாமியாரும் நானும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.